அவுட்டிரைவ் பெயின்ற் கொப்பளித்து வெள்ளைப் பொடி கொட்டுகிறது: அடுத்த சீசனுக்குள் எப்படிச் சரிசெய்வது?

நிலாவெளிப் பெடியன்:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். என்னிடம் 19 அடி பைபர் போட் ஒன்று இருக்கிறது. எஞ்சின் மேர்க்குரூசர் 3.0, பின்னால் அல்பா வன் அவுட்டிரைவ். அதாவது எஞ்சின் போட்டுக்குள்ளே, புரொப்பெலர் பூட்டிய அலுமினியக் கால் மட்டும் பின்னால் வெளியே. எங்கள் கரையில் கிட்டத்தட்ட எல்லாரும் அவுட்போட் மோட்டர்தான் வைத்திருக்கிறார்கள். இந்தக் காலைப் பற்றி நம்பிக் கேட்க ஆள் குறைவு, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சீசனில் போட் இறக்கக்கண்டிக் களப்பில்தான் கட்டியிருக்கும். விடிய ஆட்களை ஏற்றிக்கொண்டு டொல்பின், திமிங்கிலம் பார்க்க வெளிக்கடலுக்குப் போவோம். இப்போது வாடை தொடங்கிவிட்டது. ட்ரெய்லரில் ஏற்றி வீட்டு வளவுக்குள் கொண்டுவந்து, மேலே படங்கு கட்டி விட்டிருக்கிறேன்.

சீசனுக்கு முதல் ஒரு வேர்க்ஷொப்பில் கொடுத்துக் கால் முழுக்கக் கறுப்புப் பெயின்ற் அடித்தேன். வாங்கும்போது பளபளவென்று நன்றாகவே இருந்தது. ஆவணி பிறக்க முன்னமே கொப்பளம் கிளம்பிவிட்டது. நகத்தால் கீறினால் தோல் தோலாக உரிகிறது, உள்ளே வெள்ளைப் பொடி. அதிகம் வந்திருப்பது புரொப்பெலருக்கு மேலே இருக்கும் தட்டின் ஓரத்திலும், போல்ட்டுகளைச் சுற்றியும், போட்டின் பின்பலகையோடு பொருந்தும் இடத்திலும். இரண்டு மூன்று இடத்தில் பொடியைத் தட்டிவிட்டால் அலுமினியத்தில் குழி தெரிகிறது. படம் போட்டிருக்கிறேன்.

கால் அரிக்காமல் இருக்கப் பூட்டும் சிங்க் கட்டிகள் மட்டும் கொஞ்சமும் தேயவில்லை, பூட்டினபடியே இருக்கின்றன. அது நல்ல அறிகுறிதானே?

என் கேள்விகள்: உரிந்த இடத்தை மட்டும் சுரண்டி மேலே ஒரு கோட் அடித்தால் காணுமா, அல்லது முழுவதையும் எடுக்க வேண்டுமா? கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் கலம் ஒன்றுக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்ற் அரை வாளி சும்மா கிடைத்தது, பாசியும் சிப்பியும் பிடிக்காதாம். அதைக் காலுக்கு அடிக்கலாமா? ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் புதிய கட்டிகள் ஒரு செட் அனுப்புகிறேன் என்கிறார், வாங்கவா? மழை விடாமல் பெய்கிறது, எப்போது அடிப்பது?

உப்புவெளி டைவர்:

தம்பி, அந்தச் சிவப்பு வாளியை மூடியே வையுங்கள். அந்தச் சிவப்பு அநேகமாகச் செப்பு ஒக்சைட்டாகத்தான் இருக்கும். மர வள்ளத்துக்கும் பைபர் அடிப்பக்கத்துக்கும் நல்லது. அலுமினியத்தில் பட்டால் அலுமினியத்தையே தின்னும். எங்கள் டைவ் போட்டில் இருப்பது அவுட்போட், ஆனால் அதன் காலும் இதே அலுமினியம்தான். அதற்கு ஒருநாளும் செப்புப் பெயின்ற் கிட்ட விடமாட்டேன்.

இன்னொன்று. வாளியில் பெயரோ வருடமோ இல்லையென்றால் அதை எதற்குமே பாவிக்க வேண்டாம். முந்தி வெள்ளீயம் கலந்த பெயின்ற் உலகம் முழுக்க ஓடியது. கடல் நத்தைகளின் இனப்பெருக்கத்தையே குலைக்கிறது என்று கண்டுபிடித்து, 2008 செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சர்வதேச உடன்படிக்கையால் தடைசெய்தார்கள். மூலையில் கிடந்த பழைய வாளியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அதேபோல சுரண்டுகிற தூளையும் களப்புக்குள் தட்டிவிடாதீர்கள். கீழே படங்கு விரித்து, தூளைக் கூட்டிக் கட்டி வையுங்கள். உங்கள் கரைக்கு நேரே இருக்கும் புறாமலைத் தீவு 1963 இலிருந்து சரணாலயம், 2003 இலிருந்து தேசிய வனம். அந்தப் பவளப்பாறையை நம்பித்தான் நீங்களும் நானும் சாப்பிடுகிறோம்.

பெயின்ற் வேலையைப் பற்றி விவரமாகச் சொல்ல கிண்ணியாக்கரை அண்ணன் வருவார், கொஞ்சம் பொறுங்கள்.

கிண்ணியாக்கரை:

தம்பி, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயின்றுக்குப் பிறகு வருகிறேன், முதலில் கட்டி. கட்டி தேயவில்லை என்றால் அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். கரைந்து போவதற்காகத்தான் அதைப் பூட்டுகிறோம்.

உப்புத் தண்ணீருக்குள் அலுமினியக் காலும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் புரொப்பெலர் தண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. இரண்டு வகை உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் அங்கே ஒரு பற்றரி உண்டாகிவிடும். அதில் அலுமினியம்தான் கரையும், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ஒன்றும் நடக்காது. அலுமினியத்தை விடச் சீக்கிரம் கரையக்கூடிய உலோகத்தைப் பக்கத்தில் பூட்டினால் அது கரைந்து காலைக் காப்பாற்றும், அதுதான் கட்டி. அதற்கு இரண்டு விஷயம் வேண்டும். கட்டியின் முகம் தண்ணீரைத் தொட வேண்டும், முதுகு காலின் வெறும் உலோகத்தைத் தொட வேண்டும். உங்கள் இரண்டாவது படத்தில் கட்டியின் ஓரத்தில் கறுப்புப் பெயின்ற் தெரிகிறது. அடித்தவர்கள் கட்டியை மறைக்காமல் மேலாலே அடித்திருக்கிறார்கள். கட்டியைக் கழற்றி அது பொருந்தும் இடத்துக்கும் அடித்திருந்தால் முதுகுப் பக்கமும் தொடர்பு இல்லை. அந்த நிலையில் சீசன் முழுக்கத் தண்ணீருக்குள் நின்ற கால், பெயின்றில் சின்னக் கீறல் விழுந்த இடமெல்லாம் கரையத் தொடங்கியிருக்கும். போல்ட்டைச் சுற்றி அதிகம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காரணம் இதுதான்.

ஆகவே மேலே ஒரு கோட் அடிப்பது வீண். கொப்பளத்துக்குக் கீழே உப்பு இருக்கிறது. உப்பின் மேல் எந்தப் பெயின்ற் அடித்தாலும் அது ஈரத்தை இழுத்து மறுபடி கிளம்பும். கொப்பளித்த பகுதிகள் எல்லாம் வெறும் உலோகம் வரைக்கும் போகவேண்டும். இறுக்கமாகப் பிடித்திருக்கும் பழைய கம்பனிப் பெயின்றை எடுக்க வேண்டாம். அதைவிட நல்ல பெயின்றை நாங்கள் வளவுக்குள் அடிக்கப் போவதில்லை. ஓரத்தை மட்டும் சரிவாகத் தேய்த்து விடுங்கள்.

இப்போது மழைக்காலத்தில் பெயின்றைத் தொடவேண்டாம், வேறு வேலை இருக்கிறது. காலைக் கழற்றிக் கீழே இறக்குங்கள். அல்பா வன் என்றால் முன் கியரில் போட்டுவிட்டு ஆறு நட் கழற்றினால் பின்னால் இழுபடும், பாரம் கூட, இரண்டு பேர் வேண்டும். அப்போது தண்ணீர் உள்ளே போகாமல் மூடும் மடிப்பு ரப்பர் குழாய், அதாவது பெலோஸ், வெடித்திருக்கிறதா, உள்ளே பேரிங் சுற்றும்போது கரகரக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். புரொப்பெலரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள். எங்கள் கடலில் மிதக்கிற தங்கூசி (நைலோன் தூண்டில் நூல்) தண்டில் சுற்றி, எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் சீலுக்குள் வெட்டிக்கொண்டு போய்விடும். வெளியே பார்த்தால் தெரியாது, கழற்றினால்தான் தெரியும். பிறகு கியர் எண்ணெயை வடியுங்கள். வழக்கமான நிறத்தில் வந்தால் சரி. பால்தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, பெயின்றை மறந்துவிட்டு முதலில் சீல் வேலை.

கழுவுவது பற்றி. உங்கள் பக்கம் கிணறுகள் பல இடத்தில் உவர். அந்தத் தண்ணீரில் கழுவினால் உப்பைக் கழுவி உப்பை வைத்ததாக முடியும். மாரியில் நல்ல தண்ணீருக்குக் குறைவில்லை, பீப்பாய் ஒன்றைக் கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் வையுங்கள். கடற்கரை வீட்டுக் கூரையில் உப்பு படிந்திருக்கும், முதல் மழையை ஓடவிட்டுப் பிறகு பிடியுங்கள். கொப்பளங்களை உடைத்து, பொடியைத் தட்டி, அந்தத் தண்ணீரைச் சுடவைத்து நைலோன் தூரிகையால் உரசிக் கழுவுங்கள். குழிக்குள் இருக்கும் உப்பு ஒரே தரத்தில் வராது. சில நாள் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் விடும். மழைக்காலம் முழுவதும் இதற்காகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மழை அடங்கிய பிறகு, மாசி மாதம் போல, இரண்டு மூன்று நாள் தொடர்ந்து நல்ல வெயில் வரும். அப்போதுதான் தேய்ப்பதும் பிரைமரும். இரண்டும் ஒரே நாளில் நடக்க வேண்டும். தேய்த்த அலுமினியம் கடற்காற்றில் இரவு கிடந்தால் மறுபடி ஒக்சைட் பிடித்துவிடும்.

தேய்க்க 80 எமரிப் பேப்பரில் தொடங்கி 180 இல் முடியுங்கள். மூலைகளுக்கு ஸ்கொட்ச் பிரைட். இரும்புக் கம்பித் தூரிகையைத் தொடவே வேண்டாம். அதன் துகள் மெதுவான அலுமினியத்தில் குத்திக்கொண்டு நிற்கும், பிறகு பெயின்றுக்கு அடியில் துருப்பிடிக்கும். பழைய பெயின்றுக்கு அடியில் மஞ்சளாகவோ மங்கல் பச்சையாகவோ ஒரு பூச்சு வந்தால் அது சிங்க் குரோமேட்டாக இருக்கலாம். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. காய்ந்தபடி தேய்க்காமல் தண்ணீர் விட்டுத் தேய்த்து, தூளைத் துணியால் ஒற்றி எடுங்கள். முகமூடி கட்டாயம், பிள்ளைகளைப் பக்கத்தில் விடவேண்டாம்.

தேய்த்து முடிந்ததும் தின்னரால் துடையுங்கள். ஒரு துணியால் பூசி, காய முன்னமே வேறு சுத்தத் துணியால் துடைத்து எடுங்கள். ஒரே துணியைப் பாவித்தால் எண்ணெயை இழுத்து எல்லா இடமும் பூசுவதாகிவிடும். பிறகு சுத்தத் தண்ணீரை மெல்ல ஊற்றிப் பாருங்கள். தண்ணீர் படலமாக விரிந்து அப்படியே நின்றால் உலோகம் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு ஓடினால் அங்கே எண்ணெய் இருக்கிறது, மறுபடி துடைக்க வேண்டும். சிலிக்கன் ஸ்பிரே அடித்த கால் என்றால் இதில்தான் மாட்டும். நான் இந்தச் சோதனை சரிவராத எதற்கும் பிரைமர் திறப்பதில்லை.

பிரைமர் இரண்டு வகை. எட்ச் பிரைமரில் அமிலம் இருக்கிறது, அலுமினியத்தைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் அது ஈரத்தைத் தடுக்காது, மெல்லிய ஒரு கோட் மட்டும் அடித்து மேலே வேறொன்று அடிக்க வேண்டும். இரண்டு டின் கலக்கும் எபொக்சி பிரைமர்தான் தண்ணீரைத் தடுப்பது. எல்லா எபொக்சியும் எட்ச் பிரைமரின் மேல் பிடிப்பதில்லை, எபொக்சி டின்னில் அலுமினியத்துக்கு நேரடியாக அடிக்கலாம் என்று எழுதியிருந்தால் எட்ச் தேவையில்லை. நான் விரும்புவது அதுதான். ஒரு பொருள் குறைவு, பிழைக்கும் இடம் குறைவு. ஆழமான குழிகளை இரண்டு கோட்டுக்கு நடுவில் எபொக்சிப் பட்டியால் நிரப்புங்கள். இரும்புக்கு அடிக்கும் சிவப்பு ஈயப் பிரைமர் வேண்டவே வேண்டாம். ஈயமும் அலுமினியமும் சேராது.

பின்னேரம் அடிக்காதீர்கள். காற்று 28 பாகை, ஈரப்பதன் 85 வீதம் என்றால் பனி இறங்கும் அளவு, அதாவது காற்றின் ஈரம் தண்ணீராகப் படியும் வெப்பநிலை, 25 பாகைக்குச் சற்று மேல். உலோகம் அதைவிடக் குறைந்தது 3 பாகை சூடாக இருக்க வேண்டும், அதாவது 28 ஐத் தாண்டவேண்டும். வெயில் ஏறிய பிறகு தொடங்கி மத்தியானத்துக்குள் முடித்தால், பின்னேரம் காற்று குளிரும்போது பெயின்ற் பிடித்திருக்கும். இல்லாவிட்டால் எபொக்சியின் மேல் எண்ணெய்த்தன்மையான படலம் ஒன்று வரும். வந்துவிட்டால் நல்ல தண்ணீரில் ஸ்கொட்ச் பிரைட்டால் கழுவிவிட்டுத்தான் அடுத்த கோட்.

மேல் கோட்டுக்கு மேர்க்குரியின் கறுப்பு ஸ்பிரே டின் போதும். மெல்லிய கோட்டாகப் பல தரம். ஹார்டனர் கலக்கும் கார்ப் பெயின்ற் இன்னும் பலம்தான், ஆனால் அதில் இருக்கும் ஐசோசயனேட் சுவாசப்பையைக் கெடுக்கும், துணி முகமூடி அதைத் தடுக்காது. வளவுக்குள் அதை ஸ்பிரே பண்ண வேண்டாம்.

முதலில் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, கட்டிக்கும் காலின் வெறும் உலோகத்துக்கும் நடுவில் எத்தனை ஓம் காட்டுகிறது என்று பார்த்து எழுதுங்கள்.

நிலாவெளிப் பெடியன்:

அண்ணா, இவ்வளவு நேரம் எடுத்து எழுதினதுக்கு மிக்க நன்றி. மீட்டர் இரவல் வாங்கிப் பார்த்தேன். கட்டியில் பெயின்றைச் சுரண்டிவிட்டு வைத்தும் மீட்டர் அசையவே இல்லை, தொடர்பே கிடையாது. கழற்றிப் பார்த்தால் நீங்கள் சொன்னபடி கட்டி உட்காரும் இடத்திலும் கறுப்புப் பெயின்ற் தடிப்பாக இருக்கிறது. காலுக்கும் பின்பலகையில் இருக்கும் வளையத்துக்கும் நடுவில் மெல்லிய வயர் ஒன்று இருந்திருக்க வேண்டும் போல, ஒரு பக்கம் அறுந்து தொங்குகிறது.

கியர் எண்ணெயும் வடித்தேன். நல்ல நிறம் இல்லை, வெளிறிப்போய் வந்தது. புரொப்பெலர் தண்டில் தங்கூசி சுற்றியிருந்தது, கத்தியால் வெட்டித்தான் எடுத்தேன்.

இன்னும் கேட்க வேண்டியது: பாசி பிடிக்காமல் இருக்கக் காலுக்கு என்ன அடிப்பது? சிப்பி ஒட்டினால் வேகம் போகிறது, பெற்றோலும் கூடப் பிடிக்கிறது. அவுட்போட்காரர் மாதிரி நானும் கட்டும்போது காலைத் தூக்கித்தான் வைக்கிறேன், ஆனாலும் கீழ்ப்பாதி தண்ணீருக்குள்தான் நிற்கிறது.

ரொறன்ரோ மாமா:

நான் சாம்பல்தீவுக்காரன், இங்கே வந்து நீண்ட காலம். சிம்கோ ஏரியில் சின்ன போட் ஒன்று வைத்திருக்கிறேன், அதுவும் அவுட்டிரைவ்தான். மருமகனே, உங்கள் மச்சான் அனுப்பப் போகும் கட்டி என்ன உலோகம் என்று கேளுங்கள். இங்கே ஏரி நன்னீர், அதனால் கடையில் முன்னுக்கு அடுக்கி வைத்திருப்பது மக்னீசியம். அதுதான் நன்னீரில் சரியாக வேலை செய்யும். கடலுக்கு அது சரிவராது. பெட்டியில் எழுதியிருக்கும், பார்த்து எடுக்கச் சொல்லுங்கள்.

இங்கே நாங்கள் மாரிக்கு முன் எஞ்சினில் இருக்கும் தண்ணீரை வடிப்பது உறைந்து பிளாக் வெடிக்கும் என்ற பயத்தில். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனாலும் உப்புத் தண்ணீரை உள்ளே விட்டுவைக்காமல் நல்ல தண்ணீர் ஓடவிட்டு வடியுங்கள்.

கிண்ணியாக்கரை:

மாமா சொன்னது மிகச் சரி, நல்ல நேரத்தில் சொன்னார். மக்னீசியம் உப்புத் தண்ணீரில் மளமளவென்று கரைந்துவிடும். அது மட்டும் இல்லை, தேவைக்கு அதிகமாக வேலை செய்து பெயின்றையே அடியிலிருந்து கிளப்பிவிடும். தம்பிக்கு வேண்டியது அலுமினியக் கட்டி, காலின் அலுமினியத்தை விடச் சீக்கிரம் கரையும் கலவை அது. சிங்க் கட்டி கடலுக்குச் சரி, ஆனால் உங்கள் போட் நிற்பது களப்பில். மழையோடு களப்புக்குள் நன்னீர் வரும்போது சிங்க்கின் மேல் தோல் படிந்து வேலை நின்றுவிடும். அலுமினியக் கட்டி கடலிலும் உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரிலும் வேலை செய்யும். மேர்க்குரி கம்பனியே அலுமினியக் கலவைக் கட்டிதான் தருகிறது. எங்கள் பக்கம் எந்த உலோகம் என்றாலும் வாயில் சிங்க் கட்டி என்றே வருகிறது, அதனால் கடையில் கேட்கும்போது உலோகத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள், முழுக்க முடியும்வரை பார்த்திருக்க வேண்டாம்.

அறுந்த வயர் முக்கியம், கண்டுபிடித்தது நல்லது. காலின் துண்டுகள் ஒன்றோடொன்று கிரீஸ், ரப்பர் வழியாகத்தான் பொருந்துகின்றன, அவற்றுக்குள் மின்தொடர்பு இருக்கும் என்று நம்பமுடியாது. அந்த வயர்கள்தான் எல்லாவற்றையும் கட்டியோடு இணைக்கின்றன. அறுந்தால் அந்தத் துண்டு தனித்துப்போகும். பின்பலகைப் பக்கம் கொப்பளம் வந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கும். புதிதாகப் போடுங்கள், முனைகள் உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து, பெயின்ற் அடிக்கும்போது டேப் ஒட்டி மறையுங்கள். எல்லாம் பூட்டிய பிறகு மீட்டர் கிட்டத்தட்டப் பூச்சியம் காட்டவேண்டும்.

மறைக்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். கட்டி உட்காரும் முகங்கள், ரப்பர் பெலோஸ், காலைத் தூக்கி இறக்கும் ட்ரிம் ராமின் பளபளக்கும் தண்டு, புரொப்பெலர் தண்டு, கிரீஸ் நிப்பிள். பக்கவாட்டில் தண்ணீர் உறிஞ்சும் துளைகளைப் பெயின்ற் அடைத்துவிடக்கூடாது, காய்ந்த பிறகு ஒவ்வொன்றாகக் குத்திப் பாருங்கள். மின்சாரத்தால் காலை அரிப்பிலிருந்து காக்கும் மேர்கதோட் கருவி பூட்டியிருந்தால் அதன் எலக்ட்ரோடிலும் ஒரு துளி பெயின்ற் படக்கூடாது.

பாசிக்கு அடிப்பது. அலுமினியத்துக்கென்றே விற்கும் அன்டிபவுலிங், அதாவது பாசியும் சிப்பியும் பிடிக்காத பெயின்ற், இருக்கிறது. செப்பே இல்லாதது ஒரு வகை, குப்ரஸ் தயோசயனேட் என்ற செப்புச் சேர்மம் கலந்தது இன்னொரு வகை. இரண்டாவதைக் கீழே எபொக்சி பிரைமர் கீறல் இல்லாமல் முழுமையாக இருந்தால் மட்டும் அடியுங்கள். டின்னில் அவுட்டிரைவுக்கு ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும், கடைக்காரர் வாயால் சொல்வது காணாது. போட்டின் அடிப்பக்கத்துக்குச் செப்புப் பெயின்ற் அடிப்பது உங்கள் விருப்பம், பைபருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பின்பலகையில் காலின் வளையத்தைச் சுற்றி குறைந்தது 40 மில்லிமீற்றர் இடம் செப்புப் பெயின்ற் படாமல் விடவேண்டும். மேர்க்குரி கைநூலில் இருக்கும் அளவு இது. அந்த வேர்க்ஷொப்பில் போட்டின் அடிப்பக்கத்துக்கும் செப்புச் சிவப்பு அடித்து, அதை வளையம் வரைக்கும் இழுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். இழுத்திருந்தால் தேய்த்து எடுங்கள்.

காலைத் தூக்கிக் கட்டுவது அவுட்போட்டுக்குச் சரி, அது முழுவதும் தண்ணீருக்கு வெளியே வரும். உங்கள் கால் முழுக்க வெளியே வராது. பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கும்போது கட்டி தண்ணீருக்கு மேலே போய்விட்டால் உள்ளே நிற்கும் பாதிக்குப் பாதுகாப்பு இல்லை. கட்டிக்கும் காலுக்கும் ஒரே தண்ணீர் பட்டால்தான் அது வேலை செய்யும். தூக்கி வைத்தால் பெலோஸும் மடிந்தபடியே நின்று அந்த மடிப்பில் வெடிக்கும். ராம் தண்டு வெளியே நீண்டு நிற்கும், அதில் சிப்பி ஒட்டினால் அடுத்த தரம் இறக்கும்போது ராம் சீலைக் கிழிக்கும். ஆகவே தண்ணீரிலும் இறக்கியே விடுங்கள், ட்ரெய்லரிலும் இறக்கியே விடுங்கள். சிப்பிக்குக் கிழமைக்கு ஒரு தரம் இறங்கி மெதுவான பிளாஸ்டிக் சுரண்டியால் தட்டிவிடலாம், சின்னதாக இருக்கும்போது லேசாக வரும்.

உப்புவெளி டைவர்:

கிழமைக்கு ஒரு தரம் இறங்குவதை நானும் சொல்ல இருந்தேன். தம்பி, சீசன் தொடங்கினால் உங்களுக்கு நேரம் கிடைக்காது என்று தெரியும். ஆனால் மாஸ்க் போட்டுக்கொண்டு கீழே போனால் கட்டி எப்படித் தேய்கிறது என்றும் பார்த்துவிடலாம். இறங்க முன் எஞ்சின் சாவியைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் ஸ்டார்ட் பண்ணிவிடக்கூடாது.

அண்ணா, நானும் ஒன்று கேட்கவேண்டும். தம்பியின் எண்ணெய் வெளிறி வந்தது என்றால் சீல் மாற்றத்தானே வேண்டும்? பெயின்றுக்கு முன்னா, பின்னா?

கிண்ணியாக்கரை:

முன் தங்கச்சி, கட்டாயம் முன். சீல் மாற்றும்போது அடிக்கிற அடியில் புதுப் பெயின்ற் பெயரும், அது ஒன்று. தங்கூசி சீலை வெட்டியிருந்தால் தண்ணீர் உள்ளே போவது மட்டும் இல்லை, எண்ணெய் வெளியேயும் கசியும். கசியும் எண்ணெயின் மேல் எபொக்சி பிடிக்காது, அது பெரிய காரணம். எண்ணெயை வடித்துவிட்டபடி காலை மாசி வரைக்கும் போட்டுவைக்கவும் கூடாது தம்பி. உள்ளே தண்ணீர் பட்ட பல்லும் பேரிங்கும் துருப்பிடித்துவிடும். இந்தக் கிழமையே சீல் வேலையைச் செய்விக்கப் பாருங்கள். தண்டில் சீல் உட்காரும் இடத்தை நகத்தால் தடவச் சொல்லுங்கள், வரி தட்டுப்பட்டால் புது சீலும் கசியும். பூட்டிய பிறகு எண்ணெய் விடமுன் காற்றடித்து பிரஷர் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தண்டை மெல்லச் சுழற்றிக்கொண்டே பார்க்கவேண்டும். ஊசி அசையாமல் நின்றால் கீழ்த் துளையிலிருந்து பம்ப் பண்ணி மேல் துளையால் வழியும் வரைக்கும் எண்ணெய் விட்டு, இரண்டு திருகாணிக்கும் புது வாஷர் போட்டு இறுக்குங்கள். பிறகு மழைத் தண்ணீர்ப் பீப்பாய் வேலையைத் தொடங்கலாம்.

நிலாவெளிப் பெடியன்:

சரி அண்ணா. சீலுக்கும் அந்த வயருக்கும் கொழும்பில் சொல்லிவிட்டேன். மச்சானிடம் பெட்டியைப் பார்க்கச் சொன்னேன், மாமா சொன்னபடி மக்னீசியம்தான் எடுத்து வைத்திருந்தாராம். மாற்றி அலுமினியம் அனுப்புகிறார். பின்பலகையிலும் பார்த்தேன், வளையத்தைத் தொட்டபடி சிவப்பு இருக்கிறது. நாளைக்கு மழை விட்டால் முதலில் அதைத் தேய்க்கிறேன். பிரஷர் பார்த்த பிறகு படத்தோடு எழுதுகிறேன்.